மாடி அறை ஒலிபரப்பு

“இப்பவாவது கேக்குதா?” மாடி அறைக் கதவைத் திறந்து படிக்கட்டுப் பக்கம் கத்தினார் ஏரியல்காரர்.

“இல்லைங்க, கொர்ருனுதான் வருது,” என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“படுபாவி, நல்லா ஏமாத்திட்டான்!” என்று தலையில் கைவைத்துக்கொண்டார். திட்டு கடைக்காரனுக்கு. “சின்னக் குழந்தைகூட சேர்த்துடும் சார், வீடு முழுக்கக் கணீர்னு கேக்கும்” என்று சத்தியம் செய்துதான் அவன் அந்த ஏ.எம். டிரான்ஸ்மிட்டர் கிட்டை இவர் தலையில் கட்டியிருந்தான். பெட்டிக்குள் இருபத்தாறு உதிரிப் பாகங்கள், ஒரு மைக், ஒரு விளக்கத் தாள். பற்றவைத்து முடித்து மைக்கில் பேசினால் கீழே இருக்கும் ரேடியோவில் பேச்சு கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே அறையில் வைத்தால் ‘வீல்’ என்று அலறும் என்று தாளில் போட்டிருந்ததால், கேட்டுச் சொல்லும் உத்தியோகம் மனைவிக்கு.

ஏரியலுக்காக மொட்டை மாடித் துணிக்கொடியில் செப்புக் கம்பி ஓட்டிய அன்றே தெரு அவருக்குப் பட்டம் சூட்டிவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுவரை தபால்காரரிலிருந்து பால்காரர் வரை எல்லோருக்கும் அவர் ‘நர்ஸம்மா வீட்டுக்காரர்’தான். ஏரியல்காரர் என்பதாவது அவரே சம்பாதித்த பேர்!

கிட் வாங்கியதற்கும் காரணம் உண்டு. இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தாவான அவருக்கு எட்டு மணி நேர ரயில் தூரத்துக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. “மேலதிகாரி பழிவாங்கிட்டான், மனசு ஆறவே மாட்டேங்குது, கைக்கு ஏதாவது வேலை வேணும்” என்று புலம்பிக்கொண்டேதான் பெட்டியைப் பிரித்தார்.

அவர் மனைவிக்குத்தான் பெரிய அடி. பதினேழு வருஷம் ஒரே ஆஸ்பத்திரியில் கால்கடுக்க ஓடியவள். அடுத்த மாதம் தலைமை நர்ஸ் பதவி அவளுக்குத்தான் என்று முடிவாகியிருந்தது. கணவரோடு கிளம்புவதென்றால் வேலையையே விட வேண்டும்.

“பதவி என்னங்க பெரிய பதவி? அங்க போய் நீங்க ஒத்தையா என்ன பண்ணுவீங்க?” என்று சொல்லிவிட்டு அவளே ராஜினாமாக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வருகிற திங்கட்கிழமை கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. “இந்தக் காலத்துல இப்படியும் ஒருத்தியா!” என்று எதிர்வீட்டு அக்கா மூக்கைச் சிந்தினாள். ஏரியல்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தினமும் மாலை ஆறரைக்குச் சோதனை. முதல் நாள் மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினார். இரண்டாம் நாள் வானிலை அறிக்கை. மூன்றாம் நாள் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தார், வரி விளம்பரம் உட்பட. கீழே கொர்ர்தான்.

நாலாம் நாள் காயிலை அவிழ்த்துப் புதிதாகச் சுற்றினார். படிக்க ஒன்றும் மிச்சமில்லை. செத்துப்போன மைக்குக்கு முன்னால் என்ன கூச்சம் என்று கதவைச் சாத்திக்கொண்டு, வாய்க்கு வந்ததை, மனசில் கிடந்ததைப் பத்து நிமிஷம் பேசித் தீர்த்தார். பிறகு கதவைத் திறந்தார்.

“கேட்டுச்சா?”

பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. பால் பொங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

“இல்லைங்க, கொர்ருதான்,” என்றாள். “விட்றாதீங்க. தினமும் பேசிப் பாருங்க.”

இப்படித் தட்டிக்கொடுக்கும் மனைவி யாருக்கு வாய்ப்பாள்? அவரும் விடவில்லை. அரைமணி நேரம் பேசிவிட்டு இறங்கி வரும்போது மனசு பஞ்சாக இருந்தது. கிட் உருப்படாவிட்டாலும் காசு வீண் போகவில்லை என்றுகூடத் தோன்றியது.

திங்கட்கிழமை வந்தது. மனைவி வேலை முடிந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலுக்கே போய்விட்டார்.

“லெட்டர் குடுத்துட்டியா?”

“குடுத்துட்டேன்.”

“அப்பாடா! உன் தியாகத்தை நான்...”

“தலைமை நர்ஸ் வேலைக்குச் சம்மதம்னு குடுத்தேன். உங்க பெட்டி கட்டில் மேல இருக்கு. ஆறு சட்டை மடிச்சு வச்சிருக்கேன். போர்வை மட்டும் நீங்க வச்சுக்குங்க.”

ஏரியல்காரர் கட்டில் பக்கம் எட்டிப் பார்த்தார். “என்னடி இது? அங்க மேலதிகாரி கழுத்தறுத்தான், இங்க நீயுமா?”

“அந்த மனுஷனை எதுக்கு இழுக்கறீங்க? மாத்தல் வேணும்னு எழுதிக் கேட்டதே நீங்கதானே? தலைமை நர்ஸோட வீட்டுக்காரர்னு ஊர் கூப்பிடறதுக்குள்ள என்னை இங்கிருந்து கிளப்பிடணும். அதுதானே?” அவள் குரல் உயரவே இல்லை. “நான் அழுதுக்கிட்டே ராஜினாமா எழுதினேன். நீங்க பக்கத்துல உக்காந்து எழுத்துப்பிழை திருத்துனீங்க.”

யார் சொல்லியிருப்பார் என்று ஏரியல்காரர் கணக்குப் போட்டார். ஆபீஸில் இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் டைப்பிஸ்ட். பதினோரு வருஷச் சிநேகிதன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிட்டவன்.

“அந்த டைப்பிஸ்ட்தானே சொன்னான்?” என்று வெடித்தார். “சத்தியம் வாங்கிட்டுத்தானே அவனை டைப் அடிக்கவே விட்டேன்! நம்பினவனுக்குத் துரோகம் பண்ணிட்டானே! அவனை என்ன பண்றேன் பாரு! சொல்லு, அவன்தானே?”

அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

“நீங்களேதாங்க. தினமும் ஆறரைக்கு, தெள்ளத் தெளிவா.”