அறிமுகக் கையெழுத்து

"தம்பிய ஜெயிலுக்கு அனுப்பிட்டு நீங்க டைரக்டர் நாற்காலியில ஏறி உக்காரப் போறீங்க. அப்படித்தானே அண்ணி?"

செருப்பைக் கழற்றும்போதே நிர்மலா கேட்டுவிட்டாள். இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் மூலக்குளத்தில் இருக்கும் அண்ணி வீட்டுக்குப் பஸ் ஏறியிருந்தாள். வீராம்பட்டினத்து அம்மனுக்கு மாவிளக்கு போடுவதாக வேண்டுதல் வேறு.

"உள்ள வா. காபி குடிக்கிறியா?" என்றாள் சுலோசனா. மேஜை மேல் இன்னும் ஒட்டாத கவர் ஒன்று கிடந்தது.

"காபி குடிக்க வரல. அந்தப் புகாரைக் கிழிச்சுப் போடுங்க, போயிடறேன்."

சுலோசனா, நிர்மலாவின் கணவன் வெற்றிவேலுக்கு அக்கா. மில் தொழிலாளி பெற்ற பெண். பகலில் டைப் அடித்து, சாயங்காலத்தில் சட்டம் படித்து, பங்குச் சந்தைச் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கினவள். பிசினஸ் ஸ்கூலில் இருபத்திரண்டு வருஷமாகப் பேராசிரியை. இப்போது அதே ஸ்கூலின் டைரக்டர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் வகுப்பில் போர்டில் ஒரே வரிதான் எழுதுவாள். 'படிக்காமல் கையெழுத்துப் போடாதே.' பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பேரே 'படிச்சிட்டியா மேடம்'.

அப்பேர்ப்பட்டவளுக்கு இப்படி ஒரு தம்பி. சென்னை ஷேர் புரோக்கர் ஒருவனுக்கு ஏஜென்ட். வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் பெண்கள் அறுபத்திரண்டு பேரிடம் போட்டோவும் கைநாட்டும் வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்கு கொடுத்தான். அவர்கள் பேரில் பேங்க் கணக்கு ஆரம்பித்தார்கள். சின்ன முதலீட்டாளர்களுக்கென்று ஒதுக்கின பங்குகளை அந்தப் பேர்களில் வாங்கி, விற்று, லாபத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டான் சென்னைக்காரன். வருமான வரி நோட்டீஸ் மட்டும் குப்பத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"ஊருல எல்லா ஏஜென்ட்டும் செய்யறதுதானே அண்ணி! இவரு ஒருத்தர்தான் கண்ணுக்குத் தெரிஞ்சாரா?"

"எல்லாரும் செஞ்சா சரியாயிடுமா?"

"பேருல ஒரு சின்னக் கறை இருந்தாலும் அந்த நாற்காலி கிடைக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க? திங்கக்கெழமை இன்டர்வியூ. அதுக்குள்ள தம்பியக் காட்டிக் குடுத்து உங்க பேரத் தொடச்சு வச்சுக்கறீங்க. படிச்சவங்க புத்தி!"

சுலோசனா கவரைக் கையில் எடுத்தாள். வாசல் பக்கம் பார்த்தாள்.

"யம்மா, டீச்சரம்மா!"

காலிக் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்த அறுபத்திரண்டு பேரில் ஒருத்தியான அஞ்சலாட்சி உள்ளே வந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த நோட்டீஸை எடுத்து நீட்டினாள்.

"இது மூணாவதும்மா. லட்ச ரூவாக்கு ஷேரு வாங்கினேனாம், பணம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கறாங்களாம். வஞ்சிர மீனைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிப் போடுங்க! நாலு நாளா கூடையத் தூக்கவே கை வரல. என்னைப் புடிச்சு உள்ள போட்டுடுவாங்களா?"

"போட மாட்டாங்க. அதுக்குத்தான் வரச் சொன்னேன். மும்பையில இருக்கற பங்குச் சந்தை வாரியத்துக்குப் புகார் போகுது. தமிழ்லயும் எழுதியிருக்கேன்."

"எங்க கை வைக்கணும், சொல்லுங்க." அஞ்சலாட்சி கட்டை விரலைத் தயாராகத் துடைத்துக்கொண்டாள்.

"இரு. இந்தத் தடவை படிச்சுக் காட்டாம நீ கை வைக்கக் கூடாது." சுலோசனா கவரிலிருந்து தாளை உருவினாள். "நிர்மலா, நீ படி."

"நானா? எங்க வூட்டுக்காரரு மேல எழுதினத நானே படிக்கணுமா?"

"நான் எழுதினதை நானே படிச்சா, உள்ளதைத்தான் படிச்சேன்னு அஞ்சலாட்சி எப்படி நம்பும்?"

அஞ்சலாட்சியின் கண்கள் நிர்மலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. நிர்மலா தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

படித்தாள். தூக்கு கொடுத்தது, போட்டோ எடுத்தது எல்லாம் வந்தது. கடைசியில், 'தவறு செய்தவர்கள்' என்று ஒரு பட்டியல். வெற்றிவேல் பேர் இரண்டாவதாக இருந்தது. முதல் பேரைப் பார்த்ததும் நிர்மலாவின் குரல் நின்றுபோயிற்று.

"படிம்மா" என்றாள் சுலோசனா.

பேரை விட்டுவிட்டு நிர்மலா படித்தாள். "அறுபத்திரண்டு பேரையும் தனக்கு நேரில் தெரியும் என்று, ஒருவர் முகத்தையும் பார்க்காமல், ஒரு படிவத்தையும் படிக்காமல், பேங்கில் அறிமுகக் கையெழுத்துப் போட்டவர். இந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு கணக்கும் ஆரம்பித்திருக்க முடியாது."

போன மாசி மகத்தன்று இதே மேஜைதான். வீடு நிறைய சொந்தக்காரர்கள். 'குப்பத்துப் பொம்பளைங்க சேமிக்கறதுக்கு, அக்கா' என்று வெற்றிவேல் ஒரு கட்டு படிவத்தை நீட்டியதும், சிரித்துப் பேசிக்கொண்டே கை மளமளவென்று கையெழுத்துப் போட்டதும், பக்கத்தில் வடைத் தட்டோடு தான் நின்றதும் நிர்மலாவுக்கு ஞாபகம் வந்தது.

அஞ்சலாட்சிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "படிக்காம கையெழுத்துப் போட்டுச்சா? யாரும்மா அது? என்னாட்டம் எழுத்து தெரியாத ஜென்மமா?"

நிர்மலா நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணி... திங்கக்கெழமை இன்டர்வியூ..."

"பேரையும் சேர்த்துப் படி நிர்மலா. அஞ்சலாட்சி காதுல விழட்டும்."

நிர்மலா தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"ஒன்று. பேராசிரியை டாக்டர் சுலோசனா."