ரூபாயில் தெரிந்த கேக்

ஷார்ஜாவிலிருந்து பிரஜீஷ் அனுப்பிய படத்தில் கேக்கின் விலை ரூபாயில் இருந்தது.

அங்கிருந்து தேடினால் திர்ஹமில் இருந்திருக்க வேண்டும்.

நிஷிதா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். முந்திரி போட்ட பிளம் கேக், ஒரு கிலோ, கீழே ரூபாய்க் குறி. சந்தேகமே இல்லை. எமிரேட்ஸில் இருக்கும் கணவனின் ஃபோனில் இந்தியாவுக்கான பக்கம் திறந்திருந்தது.

நாலு மணிக்கு அந்த இணையதளத்தைக் குன்னங்குளத்துக் கேக் கடைக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். இப்போது மூன்றேகால்.

கடைக்கு இரண்டு பக்கங்கள். இரண்டும் மலையாளம்தான். ஊரில் இருப்பவர் தேடினால் ரூபாய்ப் பக்கம் வர வேண்டும். வளைகுடாவிலிருந்து வீட்டுக்குக் கேக் அனுப்ப நினைப்பவர் தேடினால் திர்ஹம் பக்கம். யாருக்கு எதைக் காட்டுவது என்று கூகிளுக்குச் சொல்ல ஒரு சின்னக் குறியீடு போதும். முதலில் மொழி, பிறகு நாடு. எமிரேட்ஸுக்கு ஏ.இ.

போன மாதம் அவள் அதை யு.ஏ. என்று போட்டுவிட்டாள். அது உக்ரைன்.

"இந்த வாட்டி பிளம் கேக்கு எந்த நாட்டுக்குப் போகுது நிஷிதா?" பின்னாலிருந்து ரெமீஸ் கேட்டார். திருச்சூரில் இணையதளம் செய்து கொடுக்கும் இந்த எட்டுப் பேர் அலுவலகம் அவருடையது. "போன வாட்டி உக்ரைன்காரன் மலையாளம் படிக்க உக்காந்துட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமையோடு அவளுடைய மூன்று மாதம் முடிகிறது. இன்னொரு தப்பு வந்தால் வேலை நிரந்தரமாகாது. அதையும் ரெமீஸ் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தார்.

குறியீட்டை எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். சரி. ரூபாய்ப் பக்கம் திர்ஹம் பக்கத்தைக் காட்டுகிறதா, அது திரும்ப இதைக் காட்டுகிறதா என்று பார்த்தாள். அதுவும் சரி. எல்லாம் சரியாக இருந்ததுதான் பயமாக இருந்தது.

அப்போதுதான் வி.பி.என். ஞாபகம் வந்தது.

எமிரேட்ஸில் வாட்ஸ்அப் கால் வேலை செய்யாது. வி.பி.என். போட்டு, வேறு நாட்டில் இருப்பதாக ஃபோனை ஏமாற்றித்தான் பிரஜீஷ் ஏழு வருடமாக வீட்டுக்குப் பேசுகிறான். கூகிளும் ஏமாந்திருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

உடனே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். எடுத்ததும் மழைச் சத்தம். ஜூலை மாதத்துத் திருச்சூரில் அது எப்போதும் இருப்பதுதான். மறு காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஏட்டா, அந்த வி.பி.என்.னை அணைச்சுட்டு இன்னொரு தடவை தேடிப் பாருங்க. மழையில ஒண்ணும் கேக்கல, சத்தமா சொல்லுங்க."

"இரு... அணைச்சாச்சு. இப்பவும் ரூபாய்தான்டி. எனக்கு ரூபாய் போதும்னு உன் கூகிளுக்கே தெரிஞ்சிருக்கு."

அவன் குரலில் பழைய கேலி. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மோளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டான். விட்டுவிட்டது என்றாள். சனிக்கிழமை மகளுடைய பிறந்த நாளுக்கு இதே கேக்கைச் சொல்லிவிடலாமா என்றான். முதலில் இது சரியாகட்டும் என்று வைத்துவிட்டாள்.

மூன்று நாற்பதுக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து ஹஸ்னா தன் ஃபோனை நீட்டினாள். இத்தாத்தா என்று அவள் கூப்பிடும் அக்காவும் ஷார்ஜாவில்தான். தேடிப் பார்த்துப் படம் அனுப்பியிருந்தாள்.

அதே கேக். விலை திர்ஹமில்.

"குறியீடு சரியாத்தான் இருக்கு சேச்சி. உங்க ஏட்டன் ஃபோன்தான் பழசு. மாத்தச் சொல்லுங்க."

ரெமீஸ் குனிந்து பார்த்தார். துபாயில் இருக்கும் இன்னும் இரண்டு பேரைத் தேடிப் பார்க்கச் சொன்னார். இருவருக்கும் திர்ஹம். நிஷிதாவின் மேசையை விரலால் ஒரு தட்டுத் தட்டி, "வெள்ளிக்கிழமை ஆதார் காப்பி கொண்டு வா" என்றார்.

வேலை நிரந்தரம்.

அவள் தலையாட்டினாள். கண் மட்டும் ஃபோனில் இருந்தது. கடைசி அழைப்பு, ஆறு நிமிடம்.

வி.பி.என்.னை அணைத்துவிட்டதாகச் சொன்ன பிறகும் கால் அறுந்துபோகவில்லை.

மே மாதம் கம்பெனியில் இருபது பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், நான் தப்பித்தேன் என்று சொன்னவன். அதன் பிறகு வீடியோவில் ஒரு தடவைகூட வராதவன். ரூமில் நெட் சரியில்லையாம்.

அவள் இருக்கையிலிருந்து வெளியே தெரியாது. எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

கீழே சாலை காய்ந்து கிடந்தது. எதிர்க் கடைக்காரர் வாசலில் துணி உலர்த்தியிருந்தார். கொடி நிறைய.

"இங்க எப்ப மழை நின்னுச்சு?" என்று ஹஸ்னாவிடம் கேட்டாள்.

"இன்னைக்கு எங்க சேச்சி பெஞ்சுது? வடக்கேதான் கொட்டுதாம். கோழிக்கோட்டுல ஸ்கூலே லீவு."

கையில் ஃபோன் அதிர்ந்தது. அதே ஷார்ஜா நம்பர்.

'சரியாயிடுச்சா?'

நிஷிதா பதில் எழுதத் தொடங்கினாள். எங்கே என்று எழுதி அழித்தாள். ஏன் என்று எழுதி அழித்தாள்.

பிறகு எழுதினாள்.

'சரியாயிடுச்சு. எனக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு. குடை இருக்கா?'