நடுவில் இருந்த கல்

மறுபடியும் அந்தக் கல்லைக் காணோம்.

நடைபாதைக் கமிட்டித் தலைவர் வெங்கடரமணனுக்கு ரத்தம் கொதித்தது. பைக்குகள் ஏறிவிடக் கூடாது என்று நடைபாதை தொடங்கும் இடத்தில் மூன்று கருங்கற்களை வரிசையாக நட்டிருந்தார்கள். அதில் நடுக்கல்லை மட்டும் யாரோ பிடுங்கிப் போடுகிறார்கள். சிமென்ட் பூசி நட்டும் இது மூன்றாவது தடவை.

செஞ்சியில் அந்த நடைபாதை வந்ததே அவரால்தான். ஜவுளிக்கடையை மகனிடம் விட்டுவிட்டு இரண்டு வருஷம் மனுவும் கையுமாக அலைந்தார். கடைக்காரர்களிடம் கெஞ்சினார், சண்டை போட்டார், ஆளுக்கு இரண்டடி பின்னால் தள்ள வைத்தார். கல்லுக்கும் கல்லுக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது என்று கொத்தனார் கேட்டபோதுகூட, தானே உள்ளே நுழைந்து வெளியே வந்து, இவ்வளவு போதும் என்று சொல்லிவிட்டார். மனிதர் ஒல்லி.

இந்த ஓட்டத்தில், கமிட்டியை எதற்காக ஆரம்பித்தோம் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

அன்று சாயங்காலம் ஜவுளிக்கடை மாடியில் அவசரக் கூட்டம். எல்லோருக்கும் ஒரே ஆள் மேல்தான் சந்தேகம். நடைபாதை முனையில் பங்சர் கடை வைத்திருக்கும் சிராஜுதீன். பைக்குகள் அவர் கடை வாசலுக்கே வந்தால் யாருக்கு லாபம்? ஆனால் அவரும் கமிட்டி மெம்பர், கூட்டத்தில் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். நடைபாதைக்காகக் கடைக் கூரையை முதலில் பிரித்துக் கொடுத்தவரும் அவர்தான். அதனால் எப்படிக் கேட்பது என்று ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெங்கடரமணனே கேட்டுவிட்டார். "சிராஜு, கல்ல எடுத்தது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே. நாந்தான்."

கூட்டம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது.

"இன்னாத்துக்கு?"

சிராஜுதீன் தரையைப் பார்த்தார். "அது சொல்ல முடியாதுண்ணே."

"திரும்ப நட்டா?"

"திரும்ப எடுப்பேன்."

சொல்லிவிட்டு, கடையில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். கூடவே இருந்து குழி பறித்துவிட்டான் என்றார் மளிகைக்கடை வெற்றிவேல். போலீசுக்குப் போக வேண்டியதுதான் என்று முடிவாயிற்று. புகாரும் அங்கேயே எழுதியாயிற்று. கமிட்டி ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் வெங்கடரமணன் வீட்டில் இருந்தது. எடுத்து வந்துவிடுகிறேன் என்று புகாரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

இருபது வருஷப் பழக்கம். இப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறானே என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே போனார்.

வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் எதிரே மனைவி ஜெயம் இல்லை. ஜெயத்தின் சக்கர நாற்காலியும் இல்லை.

மாடிப்படியில் விழுந்து இடுப்புக்குக் கீழே மரத்துப் போனதிலிருந்து அவள் வாசல் தாண்டியதில்லை. தினமும் அவர் கமிட்டிக்குக் கிளம்பும்போது சீரியல் பார்த்துக்கொண்டிருப்பாள், திரும்பும்போதும் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பாள். பாவம், அவளுக்கு அது ஒன்றுதான் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தார். சமையலறை, பின்கட்டு எல்லாம் தேடினார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார்.

சந்து திரும்பினால் நடைபாதை.

கல் இருந்த இடத்தில் சிராஜுதீன் நின்றுகொண்டிருந்தார். உள்ளே நுழையப் பார்த்த ஒரு பைக்கை, ரோட்டு மேல போப்பா என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பின்னால், நடைபாதையில், சக்கர நாற்காலி ஒன்று வந்துகொண்டிருந்தது. தள்ளிக்கொண்டு வந்தது சிராஜுதீனின் மனைவி ஹுசைன் பீ. நாற்காலியில் ஜெயம். தலையில் பூ, மடியில் வேர்க்கடலைப் பொட்டலம். எதற்கோ இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஜெயம் சிரித்து அவர் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

நாற்காலி நெருங்கியதும் சிராஜுதீன் விலகி வழி விட்டார். கல் இல்லாத அந்த இடத்தில் அது உரசாமல் வெளியே வந்தது.

வெங்கடரமணனைப் பார்த்ததும் மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டார்.

"பாதை தொறந்ததுலேர்ந்து" என்றாள் ஜெயம். "மொத நாளே வண்டி கல்லுல மாட்டிக்கிச்சி. நாந்தான் அண்ணன எடுக்கச் சொன்னேன். உங்ககிட்ட வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கினேன்."

வெங்கடரமணனின் கை சட்டைப் பையில் இருந்த புகாரை இறுக்கிப் பிடித்துக் கசக்கியது. சிராஜுதீன் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ஜெயம். நானே எடுக்கச் சொல்லியிருப்பேனே."

ஜெயம் கடலைப் பொட்டலத்தை மடித்தாள்.

"ரெண்டு வருஷம் முந்தி, வெளிய கூட்டிக்கினு போங்கன்னு அழுதேன். ரோட்டுல வண்டி இடிச்சிடும், பாதை ஒண்ணு வரட்டும், நானே தள்ளிக்கினு போறேன்னு சொல்லிட்டுத்தான் கமிட்டி ஆரம்பிச்சீங்க. பாதை வந்துடுச்சி. நீங்களா கூப்புடுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்."