ரெண்டாவது கூட்டு எலிகள்

“டானிக்கைத் திருடுறது கருத்தக்கண்ணன்தான், மொதலாளி. இன்னைக்கே அவன் சீட்டைக் கிழிச்சிருங்க” என்றார் கெமிஸ்ட் சுந்தர்ராஜ்.

ஆளை வேலைக்கு எடுக்கும்போது இருக்கிற அவசரம் அனுப்பும்போது முதலாளி பலவேசத்துக்கு வராது.

கம்பத்தில் திராட்சை மண்டி வைத்திருப்பவர் பலவேசம். விலை போகாமல் மிஞ்சும் பழத்தைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்து, கடைசியில் திராட்சைச் சாற்றில் பசி டானிக் போடுவது என்று இறங்கிவிட்டார். குடித்தால் பசி எடுக்கும், உடம்பு தேறும். ஆனால் அதைச் சோதித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே? அதற்காகத்தான் மதுரையிலிருந்து சுந்தர்ராஜும் ஒரு கூடை வெள்ளை எலிகளும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவர் முன் சீட்டில், எலிகள் டாப்பில்.

மண்டியின் பின்னறையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கூடு. முதல் கூட்டு எலிகளுக்கு இரையோடு டானிக். இரண்டாவது கூட்டுக்கு இரையும் பச்சைத் தண்ணீரும் மட்டும். முதல் கூடு மட்டும் எடை கூடினால் அது டானிக்கின் சாமர்த்தியம். பலவேசத்துக்கு இது நன்றாகவே விளங்கியது. ஒரே பழத்தை இரண்டு சந்தைக்கு அனுப்பி விலை பார்ப்பதுபோலத்தானே.

வாரா வாரம் சுந்தர்ராஜ் வந்து, முதல் கூட்டு எலிகள் அடுத்த கூட்டைவிட ரெட்டிப்பு எடை என்று சொல்லச் சொல்ல அவருக்கு உச்சி குளிர்ந்தது. “ரெட்டிப்பு எடை” என்று கொட்டை எழுத்தில் லேபிள் அடிக்கச் சிவகாசிக்குச் சொல்லியனுப்பியாயிற்று. அந்த எலிகளை ஒருநாள் கண்ணால் பார்க்கத்தான் மனுஷனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. புது ஆள் வாடை பட்டால் எலி இரை எடுக்காது என்று சுந்தர்ராஜ் தடுத்துவிட்டார்.

டானிக் மட்டும் கணக்குக்கு மிஞ்சித் தீர்ந்துகொண்டே வந்தது. எலி இவ்வளவா குடிக்கும் என்று பலவேசம் கேட்கப்போய்த்தான், பழி கருத்தக்கண்ணன் தலையில் விழுந்தது.

கருத்தக்கண்ணன் சுருளிப்பட்டிக்காரன். கல்யாண மாதங்களில் பந்தி பரிமாறுவான். அவன் கரண்டி பிடித்தால் கடைசி இலை வரைக்கும் பாயசம் வரும் என்று அந்தப் பக்கமே சொல்லும். மற்ற மாதங்களில் எலிக்கு இரை வைக்கும் இந்த வேலைதான். இதுவும் போனால் ஆடியிலும் மார்கழியிலும் அவன் வீட்டு அடுப்பு எரியாது. அது தெரிந்துதான் பலவேசம் தயங்கினார்.

“அவன் கன்னத்தைப் பாத்தீகளா? நம்ம டானிக்குல உப்பிப் போயிக் கெடக்கு.”

“அது வெத்தலை, சார்.”

கையும் களவுமாகப் பிடித்துத் தருகிறேன் என்று சுந்தர்ராஜ் ஒற்றைக் காலில் நின்றார். மறுநாள் காலையில் இருவரும் பின்னறையில் காலிப் பழப்பெட்டிகளுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்கள். சுந்தர்ராஜ் மூக்கில் கைக்குட்டை. பலவேசத்துக்கோ முழங்கால் வலி.

கருத்தக்கண்ணன் கைகால் கழுவி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தான். இரண்டு கூட்டுக்கும் இரை வைத்தான். முதல் கூட்டுக் கிண்ணத்தில் டானிக் ஊற்றினான். பிறகு பாட்டிலும் கையுமாக வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தான். சுந்தர்ராஜ் சந்தோஷத்தில் முதலாளியின் தொடையைக் கிள்ளினார்.

கருத்தக்கண்ணன் நேரே இரண்டாவது கூட்டுக்குப் போனான். “தள்ளாதீக, தள்ளாதீக. உங்களுக்கும் உண்டு” என்றபடி அங்கேயும் ஊற்றினான்.

சுந்தர்ராஜ் பெட்டியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அந்தக் கூட்டுக்கு ஊற்றக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்று கத்தியதில் எலிகளெல்லாம் மூலைக்கு ஓடின.

கருத்தக்கண்ணன் ஒன்றையும் மறைக்கவில்லை.

“சொன்னீக, சார். ஆனா மொத நா இங்கன ஊத்தையிலயே அங்கன உள்ளதெல்லாம் கம்பியப் புடிச்சுக்கிட்டு என்னையவே பாத்துச்சுக. ஒரு எலைக்குப் பாயசத்த ஊத்திட்டு அடுத்த எலையத் தாண்டிப் போனா அது பந்தி வஞ்சனை. நமக்கு அந்தக் கை வராது. அன்னையில இருந்து ரெண்டுக்கும் ஒண்ணு போலத்தான் ஊத்துறேன். ஒரு சொட்டு வீட்டுக்குக் கொண்டு போகல.” முதலாளி பக்கம் திரும்பினான். “போகச் சொன்னாப் போயிர்றேன், மொதலாளி.”

ஆராய்ச்சியே குட்டிச்சுவராகிவிட்டது என்று சுந்தர்ராஜ் தலையில் கைவைத்தார். விஞ்ஞானத்துக்கு முதலில் வேண்டியது நேர்மை, ஒரு சொட்டு பிசகினாலும் எல்லாம் பொய்யாகிவிடும், இப்படிப்பட்டவனை ஒரு நிமிஷம்கூட உள்ளே வைத்திருக்கக் கூடாது என்று மூச்சுவிடாமல் பேசினார்.

பலவேசம் முதன்முறையாகக் கூடுகளுக்கு முன்னால் குனிந்தார். இந்தக் கூட்டைப் பார்த்தார், அந்தக் கூட்டைப் பார்த்தார். எல்லா எலிகளும் பந்தியிலிருந்து எழுந்த சம்பந்திகள் மாதிரி ஒரே அளவுத் தொந்தியோடு உட்கார்ந்திருந்தன. கருத்தக்கண்ணனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அவன் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, சுந்தர்ராஜிடம் நிதானமாகக் கேட்டார்:

“மொத நாளுல இருந்து ரெண்டு கூடும் ஒண்ணு போலத்தான் குடிச்சிருக்கு. அப்ப நீங்க வாரா வாரம் ரெட்டிப்பு எடைன்னு சொன்னது எந்த எலிய, சார்?”