மூச்சின் அளவு

ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே காலை வெயில் முஸ்தபாவின் வெற்று மார்பில் விழுகிறது. மூச்சு போகும் இடத்தை லேசான மின்சாரத்தால் திரையில் காட்டும் பட்டையை அதில் சுற்றுகிறாள் டெக்னீஷியன் பிரியங்கா. உள்ளே பதினாறு மின்முனைகள் சில்லென்று தொடுகின்றன. அவர் வேலை செய்யும் கம்பெனியில் சாம்பிள் பனியனை முஸ்தபாவுக்குப் போட்டுத்தான் அளந்து பார்ப்பார்கள். மார்பை எது சுற்றினாலும் மூச்சடக்கி நிமிர்ந்துவிடுவார். இப்போதும் அப்படியே நிற்கிறார். திரை இருண்டு கிடக்கிறது. அங்கேயே செக்கிங்கில் தைத்த துணியில் குறை தேடும் மனைவி அமீருன்னிசாவின் முகம் வெளிறுகிறது.

"அளவெடுக்கலீங்க, மூச்சு உடுங்க!" என்கிறாள் பிரியங்கா.

சிரிப்போடு இழுத்து விடுகிறார். வலப்பக்கம் நீலமாக விரிகிறது. போன வாரம் மூச்சே போகாத இடது நுரையீரலும் மெதுவாக நீலம் பிடிக்கிறது.

"ரெண்டும் ஒரே சைஸுங்களா?" என்கிறார் முஸ்தபா.

"இடது இன்னும் கொஞ்சம் சின்னதுங்க."

அமீருன்னிசா திரையருகே குனிந்து, துணியைப் பார்ப்பதுபோல் ஓரம் ஓரமாகப் பார்க்கிறாள்.

"பரவால்லீங்க. பாஸ் பண்ணிருங்க."