மேற்கு ஜன்னல்

வடகரப்பதியில் இன்று பார்க்கும் கடைசி வாடகை வீட்டின் நடுவில் பின்சி நிற்கிறாள். மாமியார் தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதால், மூணாற்றில் தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டை இந்த மாதமே ஒழித்துக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், வேப்ப மரத்தடியில் நல்ல வீடொன்று இருந்தது; வாடகையைக் கேட்டதும் அவள் கணவன் ரிஜின் செருப்பை மாட்டிக்கொண்டான். இந்த வீடுதான் கைக்கு எட்டுகிறது. மேற்கு ஜன்னலுக்கு அப்பால் அரிசி ஆலை இரைகிறது. மாலை வெயில் அதன் புகையில் கலங்கி, செம்மண் தண்ணீர்போல் அறைக்குள் இறங்குகிறது. பின்சி ஜன்னல் விளிம்பைத் தொடுகிறாள். விரலில் உமிச்சாம்பல் கருப்பாய் ஒட்டுகிறது. மகள் ஜெனிட்டா ஒரு மூலையில் போய்ச் சப்பணமிட்டு உட்கார்கிறாள். "அம்மா, இது என் எடம்," என்கிறாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வருகிறது. நெஞ்சுக்குள் விசில் சத்தம்.

வீட்டுக்கார ராசம்மாள் திரும்பிப் பார்க்கிறாள். "ஏங்கண்ணு, பாப்பாவுக்கு எளப்பு இருக்குதா? முன்னால இருந்தவங்க இந்தப் பொகைக்குத்தான் ஊட்டக் காலி பண்ணிப்போட்டுப் போனாங்க. அப்படி ஏதாச்சும் இருந்தா வேண்டாஞ் சாமி."

ரிஜின் வாய் திறக்கிறான். பின்சி முந்திக்கொள்கிறாள். "இல்லம்மா, மலைக் குளிர்ல வளந்த பிள்ள. இந்தச் சூடு புதுசுல்லா, அதான். நாங்க எப்ப சாமான் கொண்டு வரலாம்?"

கைப்பைக்குள் அவள் விரல்கள் இன்ஹேலரை இறுகப் பிடித்திருக்கின்றன. ஜெனிட்டா வழக்கம்போல மருந்துக்குக் கை நீட்டுகிறாள். பின்சி சிரித்தபடி அந்தக் கையைப் பிடித்து, விளையாட்டுக் காட்டுவதுபோல் அவளை வீட்டுக்குப் பின்புறம் இழுத்துக்கொண்டு ஓடுகிறாள்.