எழுத்து முடிந்தது

அன்று கொழும்பு வெள்ளவத்தையில் அந்த மாடிவீட்டின் முன்னறையில் இருந்தவர்கள் நால்வர். ஓய்வுபெற்ற தபாலதிபர் முத்துலிங்கம். அவருடைய தங்கை மயிலம்மா, மணமாகாதவர். காலமான தம்பியின் மனைவி இரத்தினம்மா. இரத்தினம்மாவின் ஒரே மகள் சிவமணி. கொழும்பில் தங்கும் தமிழர் பொலிஸில் கொடுக்கவேண்டிய பதிவுப் பத்திரத்திலும் இந்த நான்கு பெயர்கள்தான் உண்டு. ஐந்தாவதாகத் தானும் இருந்ததாக எவராவது சொன்னால் அது பொய்.

காலையில் தெஹிவளையிலிருந்து உறவுக்காரர் ஒருவர் தொலைபேசியில் ஒரு செய்தி சொல்லியிருந்தார். சிவமணி எழுத்து முடித்துவிட்டாளாம். யாழ்ப்பாணத்தவர் எழுத்து என்று சொன்னால் அது கலியாணப் பதிவு. வீட்டுக்குத் தெரியாமல் ஒரு பெண் அதை முடித்தாள் என்றால், அந்த வீட்டில் கேள்வி கேட்க ஆளில்லை என்று அர்த்தம்.

முத்துலிங்கம் கேட்பதற்கு இருந்தார்.

“கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு. எழுத்து முடிஞ்சுதோ?”

“ஓம், பெரியப்பா.”

இரத்தினம்மா பெரிதாக அழத் தொடங்கினார். “முதல்ல யன்னலைச் சாத்து. பிறகு அழு,” என்றார் முத்துலிங்கம். இரத்தினம்மா எழுந்து யன்னலைச் சாத்திவிட்டு வந்து அழுதார்.

“எவ்வளவு காலமா இது நடக்குது?”

“இடம்பெயர்ந்து இங்க வந்த உடன தொடங்கினது. முடிக்க ரெண்டு வருசம் எடுத்திட்டுது.”

“ரெண்டு வருசமோ! கொம்பியூட்டர் கிளாசுக்குப் போறாய் எண்டெல்லோ நான் நினைச்சனான்,” என்றார் தாய்.

“வெளியில ஒரு இடமும் போகேல்லை அம்மா. எல்லாம் வீட்டிலதான். நீங்கள் நித்திரையான பிறகு.”

“என்ர வீட்டிலயோ!” இரத்தினம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

மூலையில் இருந்த மயிலம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். முத்துலிங்கம் குரலைத் தாழ்த்தினார். “சந்திக்குச் சந்தி ஆமிக்காரன் அடையாள அட்டை கேட்டு மறிக்கிற நேரத்தில, கொட்டாஞ்சேனையில உன்னை ஒரு ஆம்பிளையோட கண்டிருக்கினம். ஆர் அவன்?”

“அலவி நானா.”

“நானா எண்டா அண்ணன். அண்ணன் எண்டு கூப்பிட்டுக்கொண்டோ எழுத்து முடிச்சனி?”

“அவர் நல்ல மனுசன், பெரியப்பா. மற்ற ஆக்கள் எல்லாம் பொம்பிளைப் பிள்ளை, பிறகு பிரச்சினை வரும் எண்டு பின்வாங்கிட்டினம். இவர் ஒருத்தர்தான் என்ர பேரிலயே அச்சடிச்சுத் தாறன் எண்டவர்.”

“கலியாணக் கார்டும் அடிச்சாச்சோ!”

“ஆரின்ர கலியாணம்? நான் சொல்லுறது புத்தகம். நான் எழுதின நாவல்.”

இரத்தினம்மா சிரித்துவிட்டார். “நாவலாம், அத்தான்! வெறும் நாவல்! இருங்கோ, தேத்தண்ணி போடுறன்.”

முத்துலிங்கத்துக்கும் முகம் தெளிந்தது. “கதைப் புத்தகம் எழுதி எங்கட குடும்பத்துப் பெட்டையள் ஒருத்தரும் பேர் எடுக்கத் தேவையில்லை. எண்டாலும் பரவாயில்லை. ஆரைப் பற்றின கதை?”

“மயிலம்மா மாமியைப் பற்றி.”

“இவளைப் பற்றி எழுத என்ன கிடக்கு?”

“மாமி இளவயசில கவிதை எழுதினவ. ஒண்டு பத்திரிகையிலயும் வந்தது. மாமிக்குப் பேசின சம்பந்தம் குழம்பிப்போகும் எண்டு சொல்லி, எழுதின எல்லாத்தையும் ஒரு ஆள் அடுப்புக்குள்ள வைச்சிட்டார். சம்பந்தம் பிறகும் குழம்பினது. மாமி பிறகு எழுதேல்லை.”

“ஒரு ஆள் எண்டுதானே போட்டிருக்கிறாய்?”

“இல்லை, பெரியப்பா. பேர் போட்டிருக்கிறன்.”

முத்துலிங்கம் மெதுவாகத் தங்கையின் பக்கம் திரும்பினார். “மயிலம்மா, இது உனக்குத் தெரியுமோ?”

“பிழை திருத்தினதே நான்தானே, அண்ணை,” என்றார் மயிலம்மா. “கவிதையை மட்டும்தான் நீங்கள் எரிச்சதெண்டு பிள்ளை எழுதியிருந்தது. ஒரு நாடகமும் எரிச்சனீங்கள் எண்டு நான் சேர்த்துவிட்டனான்.”

முத்துலிங்கம் சிவமணியிடம் திரும்பினார். “எடு! என்ர பேரை எடு. உன்ர பேரையும் எடுத்துப்போட்டு ஆரும் ஒரு ஆம்பிளையின்ர பேரைப் போடு!”

“இனி ஏலாது, பெரியப்பா,” என்றாள் சிவமணி. “புத்தகம் நேற்றே புறக்கோட்டைப் புத்தகக் கடையளுக்குப் போயிட்டுது.”

இரத்தினம்மா தேநீர் கொண்டுவந்தார். முத்துலிங்கம் அதைத் தொடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோவில் வாசலில் தெஹிவளை உறவுக்காரர் அவரை மறித்தார். பூசை முடிந்து வந்த சனம் முழுவதும் அங்கேதான் நின்றது.

“அண்ணை, நான் அண்டைக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன். உங்கட தம்பியின்ர மகள் கலியாணம் ஒண்டும் முடிக்கேல்லையாம். ஏதோ புத்தகம் எழுதியிருக்கிறாவாம். உங்களைப் பற்றியும் அதில வருதாம். மெய்யே?”

முத்துலிங்கம் சால்வையை உதறித் தோளில் போட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“புத்தகமுமில்லை ஒண்டுமில்லை. அவள் ஆரோ ஒரு பொடியனோட எழுத்து முடிச்சிட்டாள்.”